ஆவாரையின் லட்சணம்

 

அண்ணாமலையின் அடிவாரத்தில் நின்று பேச வருகிறவர்கள் பேசுவதற்கென்று சில விஷயங்கள் சம்பிரதாயமாகவே அமைந்திருக்கின்றன. சோதிப் பிழம்பாய் நின்ற இறைவனின் பெருமையைப் பேசலாம். கார்த்திகைத் தீபத்தின் மகிமையைப் பேசலாம். இம்மலையை நாடிவந்து இங்கேயே தங்கிவிட்ட ஞானியரின் சரித்திரத்தைப் பேசலாம். அவற்றைச் சொல்லத் தகுதி வாய்ந்த சான்றோர் இந்நகரில் நிரம்ப இருக்கிறார்கள். ஆகவே அப்பணியை அவர்களிடம் விட்டுவிட்டு, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவரும் லட்சக்கணக்கான அன்பர்களின் கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் நிற்கின்ற ஒரு செடியைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். வேலியோரத்தில் நிற்பது அது. ஏரிக்கரையில் நிற்பது அது. செங்கம் சாலையிலும் செஞ்சி சாலையிலும் கல்லும் சரளையுமான மேட்டு நிலத்தில், தண்ணீர் ஊற்றுவார் எவருமின்றி, பொன்னைக் கொட்டினாற்போலப் பூத்து நிற்பதும் அதுதான். ஆவாரையே இன்றைய என் பேச்சின் பொருள்.

ஆவாரையைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இரார். ஆனால் அதன் ஒரு காம்பில் எத்தனை சிற்றிலைகள் இருக்கின்றன? அதன் பூவுக்குள்ளே இருக்கும் பத்து மகரந்தத் தாள்களும் ஒரே அளவினவா? சிவபெருமான் சூடும் கொன்றைக்கும் இந்த ஆவாரைக்கும் என்ன உறவு? கேட்டுப் பாருங்கள், அன்றாடம் அதன் பக்கத்திலேயே நடந்து போகிறவர்களும் தயங்குவார்கள். அரிய செடியைத் தேடி அயல்நாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர் வருவார். எளிய செடியை நாம்தான் பார்க்க வேண்டும். எளிதில் கிடைக்கும் ஒன்றை அங்கம் அங்கமாகப் பார்த்து, அதன் லட்சணத்தைச் சொல்லி, இன்னதுதான் இது என்று உறுதியாக அடையாளம் காட்டத் தெரிந்த சமூகமே அதை மருந்தாக உண்ணவும், தொழிலுக்குப் பயன்படுத்தவும், அழியாமல் காக்கவும் தகுதி பெறுகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

முதலில் அதன் உருவத்தைப் பார்ப்போம்.

ஆவாரை, அடியிலிருந்தே பல கிளைகள் விட்டு வளரும் புதர்ச்செடி. பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்தில் நிற்கும். வெட்டாமல் விட்டுவைத்த இடங்களில் அதற்கு மேலும் வளர்ந்து குறுமரமாகவே தோன்றும். பட்டை பழுப்பு நிறம். இளங்கிளைகளில் மெல்லிய ரோமம் படிந்திருக்கும். இலை, கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறமும் பெரும்பாலும் 8 முதல் 12 வரை இணைச் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்து, நுனியில் ஒற்றையாக ஓர் இலை நீளாமல், இணையாகவே முடியும். ஒவ்வொரு சிற்றிலையும் நீள்வட்டமாய், மழுங்கிய நுனியில் மிகச் சிறிய கூர் ஒன்று கொண்டதாய் இருக்கும்.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இல்லை, இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். சிற்றிலைகளின் ஒவ்வோர் இணைக்கும் நடுவே, காம்பின் மேற்புறத்தில், நிமிர்ந்து நிற்கும் மெல்லிய சுரப்பி ஒன்று தென்படும். ஆவாரையின் இனத்தாரிடம் காணப்படும் இத்தகைய சுரப்பிகளில் இனிப்பான நீர் ஊறும். அதை நாடி எறும்புகள் வரும். வந்த எறும்புகள் இலையைத் தின்ன வரும் புழு பூச்சிகளை விரட்டும். பூவில் வைக்காத தேனை இலையில் வைத்துக் காவலுக்கு ஆள் அமர்த்திக்கொண்ட இந்தச் செடியின் சாமர்த்தியத்தை என்னென்பது!

இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரு பக்கமும் அகன்று வளைந்த, காது வடிவமான இலையடிச் செதில்கள் இருக்கும். மற்றப் பல செடிகளில் இச்செதில்கள் இளமையிலேயே உதிர்ந்து போகும். ஆவாரையிலோ இலை முதிர்ந்த பிறகும் உதிராமல் நிலைத்திருக்கும். பூ இல்லாத காலத்திலும் காய் இல்லாத காலத்திலும் ஆவாரையைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காட்டும் லட்சணம் இதுவே. தாவரவியலார் அதற்கு இட்ட ஆரிகுலேட்டா என்னும் லத்தீன் பெயரும் இந்தச் செதிலை வைத்துத்தான் ஏற்பட்டது.

இனிப் பூவுக்கு வருவோம். கிளையின் நுனிப்பகுதியில், இலைக் கக்கங்களிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் ஏறத்தாழ 4 அல்லது 5 சென்டிமீட்டர் அகலம். இதழ்கள் ஐந்து, விளிம்பு சற்றே சுருங்கி அலைபடிந்திருக்கும், பொன்மஞ்சள் நிறத்தின்மேல் செம்மஞ்சள் நரம்புகள் ஓடும். மகரந்தத் தாள்கள் பத்து. இந்தப் பத்தும் ஒரே தன்மையின அல்ல என்பதுதான் விசேஷம். மேலே இருக்கும் மூன்றும் மலடு. அவற்றில் மகரந்தம் இல்லை. எஞ்சிய ஏழில், கீழே இருப்பவை மற்றவற்றைவிடப் பெரியனவாய் நீண்டு வளைந்திருக்கும்.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டுக்கு அது கொடுக்கும் விருந்து மகரந்தம் ஒன்றே. ஆனால் அந்த மகரந்தத்தையே உணவாகக் கொடுத்துவிட்டால் சந்ததி எப்படி வளரும்? ஆகவே நடுவே இருக்கும் குட்டையான தாள்கள் வண்டுக்கு உணவு வழங்க, கீழே நீண்டிருக்கும் தாள்கள் வண்டின் உடம்பிலே மகரந்தத்தைப் படியவைத்து மற்றொரு பூவின் சூலகத்துக்கு அனுப்பிவைக்கின்றன. அதிலும் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்துத் திறப்பதில்லை; நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. மரத்தைத் துளைத்துக் கூடு செய்யும் பெரிய கருவண்டு அந்தப் பூவைப் பற்றிக்கொண்டு, தன் மார்புத் தசைகளை அதிரச் செய்து ரீங்காரம் செய்யும்போது, அந்த அதிர்வில் மகரந்தம் துளையின் வழியே பீறிட்டு வெளிவரும். தேனீயால் அவ்வாறு அதிரச் செய்ய முடியாது. அடுத்த முறை ஆவாரஞ்செடியின் பக்கத்தில் வண்டின் ஓசை கேட்டால், சற்றே நின்று கேளுங்கள். பூவில் உட்கார்ந்த பிறகு அந்த ஓசையின் சுருதி மாறுவது உங்கள் செவிக்கே புலப்படும்.

காயோ தட்டையானது, மெல்லியது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உள்ளே 12 முதல் 20 வரை விதைகள்; ஒவ்வொரு விதையும் இருக்கும் இடம் வெளியிலேயே மேடிட்டுத் தெரியும். இந்தக் காயைக் கண்டவுடனேயே அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றின் நினைவு வருகிறதல்லவா? அந்த நினைவு சரியானதுதான். அதுவே நம்மை அடுத்த விஷயத்துக்கு அழைத்துச் செல்கிறது.

ஆவாரை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?

தாவரங்களை வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. வெளிப்புறம் வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துக் காட்டுகிறது. தென்னையும் மூங்கிலும் எவ்வளவு உயர்ந்தாலும் புல்லின் பக்கமே நிற்கும் என்பதை உயரத்தைக் கண்டு மயங்காமல் உட்கட்டமைப்பைக் கண்டு சொன்ன அந்த நோக்கு, சாஸ்திரீய நோக்கு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்பட்ட பூக்களின் வரிசையில் ஆவிரை என்னும் பெயரோடு ஆவாரை இருக்கிறது. குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் மடலேறும் தலைவன் சூடும் மாலையில் அது இருக்கிறது. பூளையோடும் எருக்கோடும் சேர்த்து அதைச் சொன்ன புலவர்கள், ஒரே வறண்ட நிலத்தில் அவை ஒருங்கே வளர்வதைக் கண்ணால் கண்டவர்கள்.

இக்காலத் தாவரவியல் ஆவாரையை அவரைக் குடும்பத்தில் வைக்கிறது. ஏறத்தாழ 19,500 சிற்றினங்களைக் கொண்டு, பூக்கும் தாவரங்களில் மூன்றாவது பெரிய குடும்பமாக விளங்குவது அது. நாம் உண்ணும் துவரையும் உளுந்தும் அதில் அடக்கம். வேலமரமும் தொட்டாற்சுருங்கியும் அதில் அடக்கம். கொன்றையும் அகத்தியும் புளியமரமும் அதில் அடக்கம். பூவைக் கொண்டு இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். அகத்தியின் அரும்பை விரித்துப் பாருங்கள். மேலே இருக்கும் பெரிய இதழ் மற்ற இதழ்களை வெளியிலிருந்து மூடியிருக்கும். ஆவாரையின் அரும்பை விரித்துப் பாருங்கள். மேலிதழ் மற்றவற்றுக்கு உள்ளே அடங்கியிருக்கும். இத்தகைய வேறுபாடுகளைக் கொண்டு முந்தைய தாவரவியலார் இக்குடும்பத்தை மூன்று பிரிவாக வகுத்தார்கள். மரபணுவை ஆராய்ந்த பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி, 2017-ஆம் ஆண்டில் அதை ஆறு துணைக்குடும்பங்களாக வகுத்தார்கள். அந்தப் புதிய வகுப்பில், தனிப்பிரிவாக இருந்த வேலமும் தொட்டாற்சுருங்கியும் ஆவாரையின் துணைக்குடும்பத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தன.

குடும்பத்தின் கதை இப்படியென்றால், பெயரின் கதையோ இன்னும் சுவையானது. 1672-ஆம் ஆண்டு முதல் சில வருஷங்கள் இலங்கையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பால் ஹெர்மன் என்பவர், அங்கே கண்ட செடிகளை உலர்த்திச் சேகரித்து வைத்தார். ஆவாரையும் அவற்றில் ஒன்று. பல கைகள் மாறி அந்தச் சேகரம் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸிடம் வந்து சேர்ந்தது. இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட மகத்தான நூலில் இச்செடிக்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் சூட்டினார். நம் சரக்கொன்றையையும் அதே காசியா என்னும் பேரினத்தில்தான் வைத்தார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் என்னும் ஆங்கிலேயர் சென்னா என்றொரு பேரினத்தைத் தனியாக நிறுவினார். சோழமண்டலக் கரையில் பல்லாண்டுகள் செடிகளை ஆராய்ந்து, பின்னர்க் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், ஆவாரை இந்தச் சென்னாவைச் சேர்ந்ததே என்று கருதினார். அவர் மறைந்து பல வருஷங்களுக்குப் பின் 1832-இல் அச்சான அவருடைய நூலில் சென்னா ஆரிகுலேட்டா என்னும் பெயர் இருக்கிறது.

ராக்ஸ்பர்க்கின் கருத்து நிலைத்ததா? உடனே நிலைக்கவில்லை. 1871-இல் பெந்தம் என்னும் பேரறிஞர் எல்லாவற்றையும் மீண்டும் காசியாவுக்குள் அடக்கினார். அவர் வழியைப் பின்பற்றி, சென்னை மாகாணத்துத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள் முதலானோரும் காசியா என்றே எழுதினார்கள். பிறகு 1982-இல் இர்வின், பார்னபி என்னும் இருவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தக் கூட்டத்தை ஆராய்ந்து, காசியா, சென்னா, கமேகிரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். சரியாக 150 ஆண்டுகளுக்குப் பிறகு ராக்ஸ்பர்க் இட்ட பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது!

எதைக் கொண்டு பிரித்தார்கள்? நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொன்றைப்பூ ஒன்றையும் ஆவாரம்பூ ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொன்றையின் மூன்று மகரந்தத் தாள்களின் காம்புகள் மிக நீண்டு, ஒரு பக்கம் வளைந்து மறுபடியும் எதிர்ப்பக்கம் வளைந்து செல்லும். ஆவாரையில் அந்த இரட்டை வளைவு இல்லை. கொன்றை இலையின் காம்பில் சுரப்பி இல்லை, ஆவாரையில் உண்டு. கொன்றைக்காய் உருண்டு நீண்டு, உள்ளே பசைபோன்ற கரிய சதை கொண்டு, தானாக வெடிக்காமல் தொங்கும். ஆவாரங்காய் தட்டையாகக் காய்ந்து சலசலக்கும். ஆக, ஈசன் சடையிலிருக்கும் கொன்றையும் மேட்டுநிலத்து ஆவாரையும் நெருங்கிய உறவினரே. ஆயினும் தனித்தனி வீடு கொண்ட உறவினர்.

பெயர் மாறிக்கொண்டே இருக்கிறதே, இது என்ன சாஸ்திரம் என்று மாணவர்கள் சலித்துக்கொள்ளக் கூடாது. மாறியது பெயர், மாறாதது அவதானம். ராக்ஸ்பர்க் எழுதிவைத்த லட்சணங்கள் பிழையற்று இருந்தபடியால்தான் பின்வந்தவர்கள் அவரோடு வாதிடவும், கடைசியில் அவர் பக்கம் திரும்பவும் முடிந்தது. நம் காலத்தில் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை மேத்யூ, தமிழகத்துச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் அலைந்து, செடிகளைச் சேகரித்து, 1980-களின் தொடக்கத்தில் பெரும் தொகுதிகளாக வெளியிட்டாரே, அந்தத் தவமும் இந்த வழியில் வந்ததுதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பிரயோஜனம் என்ன? சொல்கிறேன்.

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட ஒரு பழமொழி நம் பாட்டிமார் நாவில் வழங்குகிறது. இலை, பூ, காய், பட்டை, வேர் ஐந்தையும் ஆவாரைப் பஞ்சாங்கம் என்று சித்த வைத்தியர் போற்றுகிறார்கள். மதுமேகத்துக்கு அவர்கள் தரும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம் ஆகியவை சேர்கின்றன. இலங்கையில் உலர்ந்த ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்து, ரணவரா என்னும் பெயரால் தேநீரைப்போலப் பருகுகிறார்கள். ஆனால் ஆவாரைக்கு நெருங்கிய உறவினர் நம் தெருவோரத்திலேயே பலர் இருக்கிறார்கள். பொன்னாவாரை இருக்கிறது, தகரை இருக்கிறது, பேதிக்குப் பெயர்போன நிலாவாரை இருக்கிறது. எல்லாம் மஞ்சள் பூ, எல்லாம் சென்னா. ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு இல்லை. பொன்னாவாரையின் விதை குழந்தைகளுக்கு நஞ்சாவதும் உண்டு. மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் ஆவாரை என்று எண்ணிப் பறித்து அரைக்கும் கைக்கு, காது வடிவச் செதிலையும் தட்டைக் காயையும் தெரிந்திருக்க வேண்டாமா? லட்சணம் அறிவது இங்கே உயிரைக் காக்கும் அறிவாகிறது. அடையாளம் கண்ட பிறகும், வைத்தியரின் ஆலோசனையோடுதான் உட்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பிரயோஜனத்தை இந்த மாவட்டத்தார் மறக்கலாகாது. 1989 வரை திருவண்ணாமலை, வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்னும் ஊர்கள் தோலுக்கு உலகப் புகழ் பெற்றவை. அந்தப் புகழின் அடியில் கிடந்தது ஆவாரம்பட்டை. பட்டையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டும் துவர்ப்புச் சத்து, தோலை அழுகாமல் காத்துப் பதமாக்கும். ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பதனிட்டு, கடுக்காயால் முடித்த தோல்தான் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரோடு கப்பலேறியது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை வந்தது. ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் சென்னையில் தொடங்கிவைத்த குரோம் பதனீடு வளர்ந்தது. மேட்டு நிலத்தில் பட்டை உரித்துப் பிழைத்த ஏழை எளியவரின் தொழில் ஓய்ந்தது. வேகம் வந்தது, லாபம் வந்தது. கூடவே பாலாற்றைக் கெடுத்த கழிவும் வந்தது. ஒரு புதரை மறந்ததனால் மட்டும் ஆறு கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. மண்ணில் கரைந்து போகும் ஒரு பதனிடு பொருளை நம் முன்னோர் இந்தச் செடியிடம் கண்டிருந்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

நிலத்துக்கு ஆவாரை செய்யும் உபகாரம் என்ன? அவரைக் குடும்பம் என்றவுடன், வேரில் முடிச்சுகள் இருக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்று பாடநூல் படித்தவர்கள் நினைப்பார்கள். சென்னா இனத்தாருக்குப் பொதுவாக அந்த வேர்முடிச்சு இல்லை. குடும்பத்தின் குணத்தை அங்கத்தினர் ஒவ்வொருவர் மேலும் ஏற்றிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஆனாலும் கல்லாங்குத்திலும் உவர் மண்ணிலும் வேரோடி மண் அரிப்பைத் தடுப்பதும், தழையுரமாகி வயலுக்குப் போவதும், கருவண்டுக்கு உணவளிப்பதும், வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை வளர்ப்பதும் ஆவாரையின் தருமம். 1980-களின் பிற்பகுதியிலிருந்து இந்த மலைச்சரிவில் தன்னார்வலர்கள் மரம் நட்டு, கோடைத் தீயோடு போராடிப் பச்சையை மீட்டு வருகிறார்கள். அவர்கள் பணியை இருகரம் கூப்பி வணங்குகிறேன். மரங்களின் காலடியில் புதர்களுக்கும் இடம் இருக்கும்போதுதான் அந்தக் காடு முழுமை பெறும்.

வேறொரு மாநிலத்தைப் பாருங்கள். 2014-இல் தெலங்கானா உருவானபோது அந்த மக்கள் தங்கள் மாநில மலராகத் தேர்ந்தது ஆவாரம்பூவை. தங்கேடு என்று அதை அழைத்து, பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கடுக்காக வைத்துப் பெண்கள் கும்மியடிக்கிறார்கள். நம்மிடமோ, பொங்கலுக்குப் பூளையோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்ட ஆவாரை வேண்டும். மாட்டுப் பொங்கலன்று கால்நடையின் கழுத்துக்கு அதன் மாலை வேண்டும். மறுநாள் முதல் அது நிற்கும் நிலத்துக்குத் தரிசு என்று பெயர், புறம்போக்கு என்று பெயர். மனை பிரிக்கும் இயந்திரம் முதலில் வருவதும் அங்கேதான்.

ஆகையால், அன்பர்களே, மூன்று விண்ணப்பங்களோடு முடிக்கிறேன். இந்நகரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தன் சுற்றுப்புறத்தில் வளரும் செடிகளை உலர்த்தி, பெயரும் லட்சணமும் இடமும் நாளும் எழுதி ஓர் உலர்தாவரத் தொகுப்பு உண்டாக்கட்டும். முதல் தாளில் ஆவாரை இருக்கட்டும். மருந்துக்கோ காப்புக்கோ பறிப்பவர்கள், விதைக்கென்று பாதிக் கொத்தையேனும் செடியில் விட்டுவைக்கட்டும். ஏரிக்கரையையும் பாதையோரத்தையும் சுத்தம் செய்யும் பொறுப்புடையவர்கள், அங்கே நிற்கும் ஆவாரையைக் களை என்று எண்ணி வெட்டாதிருக்கட்டும். இத்தலத்தின் விருட்சம் மகிழமரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பெருமிதத்தோடு, மதிலுக்கு வெளியே நிற்கும் இந்தப் புதரின் இலையையும் செதிலையும் சுரப்பியையும் பூவையும் காட்டிச் சொல்லிக் கொடுப்போம். சொல்லிக் கொடுத்ததை அவர்கள் காப்பார்கள். சொல்லிக் கொடுக்காததை எவ்வாறு காப்பார்கள்?